பெருமாளோடு குடிபெயரும் ஊர்

இமயத்தின் மடியில், அலகநந்தா நதிக்கரையில், 10,200 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் விளங்கும் திருவதரி என்னும் பத்ரிகாசிரமம், 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. அங்கிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், திபெத்திய எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது மாணா என்னும் சிற்றூர். வியாச பகவான் பாரதத்தைச் சொல்ல, விநாயகப் பெருமான் எழுதியதாகப் போற்றப்படும் குகைகள் இவ்வூரில்தான் உள்ளன. பாறைகளின் நடுவே பேரொலியுடன் பாய்ந்து வரும் சரஸ்வதி நதி, இவ்வூரின் அருகே அலகநந்தாவில் கலக்கிறது.

யாத்திரிகர்கள் இவற்றையெல்லாம் அரைநாளில் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இவ்வூர் மக்களுக்கோ வாழ்வே ஒரு யாத்திரை. ஆண்டுதோறும் குடும்பத்தோடு மலையேறி வந்து ஆறு மாதம் வாழ்ந்து, பனி இறங்கியதும் குடும்பத்தோடு கீழே பெயர்ந்து செல்வது அவர்களின் வழக்கம்.

பத்ரிநாதரின் திருக்கதவம் சாத்தப்படும் நாள் விஜயதசமியன்று குறிக்கப்படுகிறது. பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் அந்நாள் வரும். அதற்கு முன்னதாக மாணா கிராமத்துப் பெண்கள் கம்பளி நூலால் ஒரே நாளில் ஒரு போர்வை நெய்து தருகின்றனர். அதை நெய்யில் தோய்த்து எம்பெருமானுக்குச் சாத்துவர். குளிரில் நடுங்கும் குழந்தைக்குத் தாய் போர்த்திவிடுவது போன்ற பரிவு அது.

அந்நாளில் சந்நிதியிலும் ஒரு குடும்பமே இடம்பெயர்கிறது. யாத்திரைக் காலம் முழுவதும் பிராட்டியார் தனிச் சந்நிதியில் எழுந்தருளியிருப்பார். கருவறையிலுள்ள உத்தவர் முறையில் கணவருக்கு மூத்தவர் ஆதலால், அவர் முன்னிலையில் பெருமாளின் அருகே அமர்வதில்லை என்பது ஐதிகம். கதவம் சாத்தும் நாளில் உத்தவரும் குபேரனும் வெளியே எழுந்தருளிய பிறகே பிராட்டியார் கருவறையினுள் செல்வார். கேரளத்து நம்பூதிரி மரபில் வந்த ராவல் என்னும் தலைமை அர்ச்சகர், பிராட்டியின் தோழியாகப் பெண் வேடம் பூண்டு அவரை அழைத்துச் செல்கிறார். உத்தவரும் குபேரனும் பாண்டுகேஸ்வருக்கும், ஆதிசங்கரரின் ஆசனம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கும் புறப்படுகின்றனர். பனிக்காலத்தில் மேலே நாரத முனிவர் பூஜை செய்வதாக நம்பிக்கை.

மாணா மக்களும் கல்வீடுகளைப் பூட்டிவிட்டு, கோபேஸ்வர் போன்ற தாழ்வான ஊர்களுக்கு இறங்குகின்றனர். முன்னாளில் ஆட்டு மந்தைகளோடு பல நாள் நடந்த பயணம் இது. அவர்களுடைய முன்னோர் மாணாக் கணவாயைக் கடந்து திபெத்துக்குத் தானியம் கொண்டுசென்று, உப்பும் கம்பளியும் கொண்டுவந்தவர்கள். 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவ்வணிகம் நின்றுபோயிற்று. இப்போது ஜீப்பிலும் லாரியிலும் பாத்திரம், படுக்கை, தறி ஆகியவற்றை ஏற்றிச் செல்கின்றனர். வாகனம் மாறியதே அன்றி வழக்கம் மாறவில்லை.

ஆயினும் ஒவ்வொரு வசந்தத்திலும் இக்குடும்பங்களுக்கு ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பு கீழே; இளைஞர்களுக்கு வேலை கீழே; வயோதிகர்களுக்கு மருத்துவ வசதியும் கீழே. மேலே இருப்பதோ பனியில் சரிந்த கூரையும், உருளைக்கிழங்கு விளையும் சிறு நிலமும்தான். மகன் தயங்குகிறான்; மருமகள் பள்ளிக்கூடத்தை எண்ணிக் கவலை கொள்கிறாள். ஆனால் வீட்டு மூதாட்டியோ தறியையும் நூலையும் கட்டி வைத்துவிட்டு வாசலில் அமர்ந்துவிடுகிறாள். அவள் மேலே செல்லாவிடில் அடுத்த போர்வைக்கு நூல் நூற்கும் விதத்தைப் பேத்திக்கு யார் காட்டுவது?

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இத்தலத்தை இரு பதிகங்களால் பாடியுள்ளார். அவற்றுள் ஒன்று, கோலூன்றித் தளரும் முதுமை வந்து சேருமுன் வதரியை வணங்குவோம் என்று நெஞ்சுக்கு உரைப்பது. அந்த அறிவுரை கேட்டும் காலம் கடத்திவிட்டோமே என்று வருந்தும் முதியோர் நம்மிடையே பலர் உண்டு. மாணா மூதாட்டிகளோ கோலூன்றிய பிறகும் ஏறி வருகின்றனர். அவர்களுக்கு அது தீர்த்த யாத்திரை அன்று, வீடு திரும்புதல்.

ஏற இயலாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஆண்டில் பாதி நாள், சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள பாண்டுகேஸ்வரில் பெருமாளின் பிரதிநிதியாக உத்தவருக்கு வழிபாடு நடைபெறுகிறது. அடியார் இறங்கும்போது தானும் இறங்கி வருவது அவன் வழக்கம்.

வசந்தத்தில் கதவம் திறக்கும் நாளில், ஆறு மாதமாக அணையாமல் எரியும் தீபத்தைக் காண அடியார்கள் பனியில் காத்து நிற்கின்றனர். பெருமாளின் திருமேனியிலிருந்து போர்வை களையப்படுகிறது. அதில் நெய் உலராதிருந்தால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பர். அந்தப் போர்வை பிரசாதமாக அடியார்களின் கைக்கு வரும். மாணாவில் அதற்குள் வீடுகளின் பூட்டுகள் திறக்கப்பட்டு, தறிகள் முற்றத்துக்கு வந்திருக்கும்.