எஞ்சிய கைகள்

துன்பம் வந்தவிடத்து மனிதர் முதலில் எழுப்பும் வினா, “எனக்கு ஏன் இது வந்தது?” என்பதே. சைவர்களாகிய நாம் ஊழ்வினை என்போம். அவ்விடை சாத்திரத்துக்கு ஒத்ததாயினும், படுக்கையிற் கிடப்பவருக்கு எப்பொழுதும் ஆறுதல் தருவதில்லை. அவருக்கு வேண்டியது காரணமன்று; நாளைய பொழுதை எதிர்கொள்வதற்கு ஒரு பற்றுக்கோடு. கிறிஸ்தவ அன்பர் அதனை எங்ஙனம் பெறுகின்றனர் என்பதை, வைத்தியர் மேரி வர்கீஸ் அவர்களின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொண்டோம்.

1925 இல் கொச்சிப் பகுதியிற் பிறந்த அவர், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் கற்று அங்கேயே பணிபுரிந்தார். 1954 ஜனவரியில், இளம் வைத்தியர்கள் உல்லாசமாகச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்திற் பெருங்காயம், முள்ளந்தண்டிற் சேதம், இடுப்பின் கீழ் உணர்வு அற்றுப்போயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தி வந்த வைத்தியர் போல் பிராண்ட், அப்பணியை அவருக்குச் சுட்டிக்காட்டினார். கையிற் செய்யும் சத்திரசிகிச்சையை இருந்தபடியே செய்யலாமன்றோ? மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே கத்தியைக் கையிலெடுத்தார். தம்மினும் கொடிதாக ஊனமுற்றவர் தமக்குச் சிகிச்சை செய்யக் கண்டு நோயாளர் மனந்தேறினர். பின்னர் நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 இல் அங்கு புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. 1986 இல் மறையும்வரை, நடக்கும் வரம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

கிறிஸ்தவ நெறியின் நடுவில் நிற்பது சிலுவை. கடவுளே நோவை ஏற்றார் என்று நம்புவோருக்கு, நோவு கைவிடப்பட்டதன் அடையாளமாகத் தோன்றுவதில்லை. தம் உடலின் முள்ளை நீக்குமாறு பவுல் அடிகள் மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருளே கிடைத்தது. இதனைப் படிக்கையில், சூலைநோயினூடாகச் சிவனடி சேர்ந்த திருநாவுக்கரசரை நாம் நினையாதிருக்க முடியவில்லை.

மேரியின் வரலாற்றை டொரதி கிளார்க் வில்சன் 1963 இல் ஆங்கிலத்தில் எழுதினார். “என் கைகளை ஏற்றருளும்” என்ற பொருள்படும் பெயருடைய அந்நூலைக் கிறிஸ்தவ நண்பரொருவர் எமக்குத் தந்தார். அக்காலத்தில் எம் தாயார் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலற்றுக் கிடந்தார். “ஏன் இன்னும் இருக்கிறேன்?” என்பதே அவரின் அன்றாடக் கேள்வி. மாலைதோறும் அந்நூலைத் தமிழிற் சொல்லி வந்தோம். தாயார் நெற்றியில் நீறு துலங்கக் கேட்டிருப்பார். ஒருநாள், “அந்தப் பிள்ளைக்குக் கையாவது இருந்தது” என்றார். சற்று நேரம் தம் இடக்கையைப் பார்த்தபடி இருந்தார். மறுநாட் காலையில் சுளகைக் கேட்டு வாங்கி, அக்கையால் அரிசியிற் கல் பொறுக்கத் தொடங்கினார். ஒரு கொத்து அரிசிக்கு முற்பகல் முழுதும் சென்றது. ஆயினும் இறக்கும்வரை அவ்வேலையைப் பிறரிடம் விட்டாரல்லர். அந்தக் கேள்வியும் பின்னர் அவர் வாயில் வரவில்லை.

தாயார் மதம் மாறவில்லை, நாமும் மாறவில்லை. எனினும் பிறர் கோயிலில் ஏற்றிய விளக்கு எம் வீட்டுத் திண்ணைக்கும் ஒளி தந்தது. மாணவச் செல்வங்களே! இழந்ததை எண்ணி அழுவது இயல்பு, அழுங்கள். அழுது முடிந்தபின் எஞ்சியிருப்பது யாதென்று ஒருமுறை பாருங்கள். இறைவன் தரும் பணி பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும்.