பேச்சிப்பாறையில் ஒரு கத்தி

பேச்சிப்பாறைக்குப் போனேன் என்று சொன்னால், "டேம் பார்த்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன் ஸார். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகப் போனால் கோதையாற்றை மறித்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார இஞ்சினீயர் 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்த அணை. அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. வேலை பார்த்த ஊரிலேயே பர்மனென்ட் போஸ்டிங்!

ஆனால், நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. உள்ளங்கையில் அடங்குகிற சமாசாரம். பால்வெட்டுக் கத்தி.

சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். தனியார் தோட்டங்கள் போக, 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் வேறு. மரங்கள் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசை தவறாமல் நிற்கின்றன. பூர்வீகம் பிரேஸில். 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்பவர் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோக, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின.

பிரேஸிலில் மரத்தைக் கோடாலியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலிருந்த ரிட்லி, 1890-களில் வேறு வழி கண்டுபிடித்தார். புதிதாகக் கொத்த வேண்டாம். பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிசாக ஒரு சீவல் சீவினால் போதும், மறுபடி பால் வரும். 'ரப்பர் நடுங்கள்' என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்த அவருக்கு 'பைத்தியக்கார ரிட்லி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பைத்தியம் சொன்ன சீவல்தான் இன்றைக்கும் பேச்சிப்பாறையில் நடக்கிறது.

விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். நான் எழுந்து பல் விளக்கிக்கொண்டு போனபோது, வெட்டு முடிந்து ஒரு பெரியவர் வீட்டுச் சாய்ப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷ சர்வீஸ்.

"அண்ணாச்சி, தினமும் தீட்டணுமா?"

"சோறு திங்காம இருந்தாலும் இருக்கலாம் தம்பி, இதைத் தீட்டாம தோட்டத்துக்குள்ள கால் வைக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க."

கத்தியின் நுனி இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி மடிந்திருக்கிறது. வெளிப்பக்கத்தைத் தட்டைக் கல்லில் தேய்க்கிறார். மடிப்புக்குள் அந்தக் கல் நுழையாது; அதற்கு விளிம்பு மெலிந்த குட்டிக் கல் ஒன்று. முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைஸ் கல். நடுநடுவே கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே லேசாக வைத்துப் பார்க்கிறார். பிசிறு இருந்தால் விரல் சொல்லிவிடுமாம்.

எதற்கு இத்தனை பாடு? பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கிற மெல்லிய படலம். கத்தி அதைத் தொடக்கூடாது. சுமார் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் இல்லை. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே சீராக வெட்ட முடியாது. மழுங்கின கத்தியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். அழுத்தினால் அந்த ஒரு மில்லிமீட்டர் கோவிந்தா!

அம்பத்தூரில் வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற நண்பன் ஞாபகம் வந்தான். டிரில் போட்ட ஓட்டையைக் கச்சிதமான அளவுக்கு இழைப்பதற்கு அவனிடம் ரீமர் உண்டு. 12 மில்லிமீட்டர் ஓட்டைக்கு டிராயிங்கில் 'ஹெச்-7' என்றிருந்தால் 0.018 மில்லிமீட்டர்தான் சலுகை. தலைமுடியை நாலாக வகிர்ந்து கொள்ளுங்கள், அவ்வளவு! ரீமர் மழுங்கினால் முனைச் சரிவை மட்டும்தான் தீட்டுவான். பக்கவாட்டில் கல் பட்டால் அளவு குறைந்துவிடும். பக்கமும் தேய்ந்துபோனதை வேண்டுமென்றே துளி குறைத்து, பின் இறுக்கமாக உட்கார வேண்டிய ஓட்டைகளுக்கு வைத்துக்கொள்வான். ஆனால் மரத்தில் அந்த வித்தை நடக்காது. தப்பான அளவுக்கு அங்கே வேறு உபயோகம் கிடையாது.

நான் பி.காம். ஆசாமி. உடனே கணக்குப் போட்டேன். ஒரு சீவல் 1.5 மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள், மழை போக வருஷத்துக்கு 150 வெட்டு என்றால், பட்டைச் செலவு 22.5 சென்டிமீட்டர். வெட்டு ஆரம்பிப்பது சுமார் 125 சென்டிமீட்டர் உயரத்தில். ஆக, ஒரு பக்கம் ஐந்தரை வருஷம் வரும். இரண்டு பக்கமும் முடிவதற்குள் முதல் பக்கம் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி தயார். சீவல் 2.5 மில்லிமீட்டரானால்? மூணேகால் வருஷத்தில் பக்கம் காலி. புதுப்பட்டை வளர எட்டு, பத்து வருஷம் வேண்டும். அதுவரை மரம் சும்மா நிற்கும். முதலையே எடுத்துச் செலவு செய்கிற கம்பெனி மாதிரி!

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான் ஸார். அதைக் காப்பாற்றுவது அந்தக் கல்லும் அவர் கட்டைவிரலும்.

"உங்க பையனுக்கு இந்த வேலை தெரியுமா?" என்றேன்.

"அவன் கல்ஃப்ல ஏஸி மெக்கானிக். இங்க இப்ப வெட்டுக்கு ஆள் கிடைக்கது பெரும்பாடு. பாதி மரம் சும்மா நிக்கி. புதுசா வாறவனுக்கு வெட்டச் சொல்லிக் குடுத்திரலாம் தம்பி. தீட்டத்தான் பொறுமை இல்ல."

அடுத்த தடவை பேச்சிப்பாறை போனால் அணையை சாயங்காலம் பார்த்துக்கொள்ளுங்கள். அது எங்கேயும் போகாது. காலை ஆறு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் போய், சிரட்டையில் பால் சொட்டுவதைப் பாருங்கள். பிறகு யாராவது பெரியவர் கல்லும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். நிறைய சொல்வார். கத்தியை மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டார்.