தொண்ணூற்றாறு பிளாக்

பேசாமல் இருப்பதென்றால் உட்காரலாம் என்று ஓரமாக ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். எதிரே சுவர் முழுக்கத் திரை. தமிழ்நாட்டின் உயரழுத்த மின்பாதைகள் அத்தனையும் வண்ணக் கோடுகளாகக் கிடக்கின்றன. துணைமின் நிலையங்கள் புள்ளிகள். உச்சியில் ஓர் எண் மட்டும் பெரிய எழுத்தில்: 49.98. அடுத்த கணம் 49.99. மறுபடி 49.97. கிரிட்டின் அதிர்வெண் அது. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது விதி. இந்த நொடியில் காஷ்மீரிலும் இதே எண்தான், கன்னியாகுமரியிலும் இதே எண்தான். சென்னையில், மாநில மின்பளு பகிர்வு மையத்தில், மணி நாலே கால். ஆனி மாதம், காற்று சீசன்.

ஷிஃப்ட் எஞ்சினியருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறார். சுவரைப் பார்க்க அது வேண்டாம், மேசைக் கணினிக்கு வேண்டும். ஆகவே இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறார். எந்தத் தொலைபேசி அடித்தாலும் “ம், சொல்லுங்க” என்பதோடு சரி. கேட்டதையெல்லாம் கோடு போட்ட ஒரு நீள நோட்டில் நேரத்தோடு எழுதுகிறார். பேச்சு முழுக்கப் பதிவாகிறது, கணினியிலும் ஏறுகிறது. இருந்தும் எழுதுகிறார்.

இங்கே நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம் கிடையாது. பதினைந்து நிமிடம் ஒரு பிளாக், நாளுக்கு 96. இப்போது ஓடுவது அறுபத்தாறாவது. சொந்த அனல் நிலையங்கள் எவ்வளவு தரும், நெய்வேலி, கூடங்குளம் போன்ற மத்திய நிலையங்களிலிருந்து பங்கு எவ்வளவு, சந்தையில் வாங்கியது எவ்வளவு என்று ஒவ்வொரு பிளாக்குக்கும் நேற்றே எழுதி வைத்தாயிற்று. எழுதியதற்கு மேல் இழுத்தால் பணம் கட்ட வேண்டும். குறைத்து இழுத்தாலும் கணக்கில் உதைக்கும். வாரக் கணக்கைப் பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்குழு போட்டு அனுப்பும். தென்னிந்தியாவில் 2003 ஜனவரியிலேயே தொடங்கிய ஏற்பாடு இது. அன்றைக்குத் தவறியது பெரும்பாலும் மனிதர்களும் எந்திரங்களும். இன்றைக்குத் தவறுவது காற்று. பில் மட்டும் மனிதர்களுக்கே வருகிறது.

அடுத்த மேசையில் உதவிப் பொறியாளர், இளம்பெண். அவர் திரையில் இரண்டே கோடுகள். ஒன்று காற்று இவ்வளவு வரும் என்ற முன்கணிப்பு, மற்றது வந்துகொண்டிருப்பது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்கள் நாலும் சேர்ந்து எழுதும் கோடு அது. மாநிலத்தில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் ஒரு மழை மேகம் கணவாயைக் கடந்தாலே கோடு வளைகிறது. இப்போது மேலே வளைகிறது.

“கணிச்சதுக்கு மேல வருது சார்.”

“தூத்துக்குடி எங்க நிக்குது?”

“அடியிலதான் சார்.”

210 மெகாவாட் யூனிட்டை 115 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கொதிகலனில் தீ நிலைக்காது, எண்ணெய் விட்டுப் பிடிக்க வேண்டும். முற்றிலும் அணைத்தால் மறுபடி எழுப்ப மணிக்கணக்கு ஆகும். அதற்குள் இரவு உச்ச நேரம் வந்துவிடும். நாட்டிலுள்ள நிலக்கரி யூனிட்டுகள் படிப்படியாக 40 சதவீதம் வரை இறங்கப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதைப் பற்றி இந்த அறையில் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்.

“சட்டம் நாப்பதுங்குது, பாய்லர் கேக்கணுமேம்மா.”

பிறகு ஆனைமலைக்கு ஒரு போன். “காடம்பாறை? ரெண்டு மெஷின் பம்புல போடுங்க.” மேல் ஆழியாறு அணையின் தண்ணீர் மலைக்குள் ஏறத் தொடங்குகிறது. நூறு நூறு மெகாவாட்டாக நாலு எந்திரங்கள், 1980-களில் வந்தவை. அனல் மின்சாரம் நள்ளிரவில் மிஞ்சும், அப்போது தண்ணீரை மேலேற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில் கட்டியது. இப்போது அது பட்டப்பகலில் ஏறுகிறது. பழைய எந்திரத்துக்குப் புது வேலை கொடுக்க யாரும் குழு அமைக்கவில்லை. போன் செய்பவரின் நேரம் மாறியது, அவ்வளவுதான்.

அதற்கும் அடங்காவிட்டால் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். நோட்டின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. காற்றும் சூரியனும் கொடுப்பதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிட்டுக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பாதுகாப்புக் காரணம் இல்லாமல் நிறுத்தினால் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. ஆகவே ‘நிறுத்து’ என்று சொல்கிற ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் ஒரு கை எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது: எத்தனை மணிக்கு, அதிர்வெண் என்ன, எந்தப் பாதையில் எவ்வளவு சுமை.

ஐந்தேகால். டீ வருகிறது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூலையில் மின்கொள்முதல் பார்க்கும் இளைஞர் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். 2020 ஜூன் 1 முதல் நடப்பு நேரச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. அரைமணிக்கு ஓர் ஏலம். ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும் வேண்டிய மின்சாரத்துக்கு ஐந்தேகாலிலிருந்து ஐந்தரைக்குள் கேட்டுவிட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் முந்தைய நாள் நண்பகலோடு பெரிய ஏலம் முடிந்துவிடும். அப்புறம் காற்று கைவிட்டால் எங்கே போவது என்பது போன் பேசும் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. சூரியத் தகடுகளைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். அவற்றுக்கு வழி விட்டதில் இந்த அரைமணி ஏலத்துக்கு உள்ள பங்கை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வெயில் சாய்கிறது. சுவரில் சூரிய மின்சாரம் ஆயிரம் ஆயிரமாகக் கழிகிறது. வீட்டுக் கூரைகளில் இருப்பது இந்தச் சுவரில் தெரியாது. அது அடங்குவது, தேவை திடீரென்று ஏறுவதாகத்தான் இங்கே தெரியும். விலையும் கூடவே ஏறும். மதியம் மலிவாகக் கிடைத்த அதே யூனிட், இரவில் பத்து ரூபாய் உச்சவரம்பைத் தொடும் நாட்கள் உண்டு. இளைஞர் ஓர் எண்ணை அடிக்கிறார், அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். எத்தனை கேட்பது, எந்த விலைக்குக் கேட்பது? அவர் சம்பளத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

“2012-ல இருந்திருந்தா என்ன கேட்டாலும் வந்திருக்காது” என்கிறார் பெரியவர், திரும்பாமலே. அந்த ஆண்டு ஜூலை கடைசியில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கு தப்பித்தது, ஏனென்றால் அந்தக் கிரிட்டோடு தெற்கு ஒத்திசைந்து இணைந்திருக்கவில்லை. அதே காரணத்தால் அந்தப் பக்கத்து மின்சாரமும் இங்கே வேண்டிய அளவு வரமுடியவில்லை. சந்தையில் தென்னகத்துக்குத் தனி விலை, கூடுதல் விலை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே அதிர்வெண்.

“2020-ல அந்த விளக்கணைக்கிற ராத்திரி நீங்க டூட்டியா சார்?” என்கிறார் உதவிப் பொறியாளர். ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணி, ஒன்பது நிமிடம். நாட்டின் தேவை 31,089 மெகாவாட் சரிந்து, திரும்ப ஏறிய ராத்திரி. “ஆமா” என்றவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதற்கு மேல் கதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

வாய் திறக்கக் கூடாதவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. இந்த அறையில் திரைகள் புதுசு, முன்கணிப்பு மென்பொருள் புதுசு. அறை யாருடையது என்பது மட்டும் பழசு. 2003 மின்சாரச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, மின்பளு மையத்தை மாநில அரசு அமைக்கும் தனி அமைப்பு நடத்த வேண்டும் என்கிறது. அது அமையும் வரை மாநில மின்தொடரமைப்பு நிறுவனமே நடத்தட்டும் என்று ஒரு வழியையும் திறந்து வைக்கிறது. அந்த ‘வரை’ நீண்டுகொண்டே போகிறது. மத்தியில் 2017-இல் மின் இயக்க நிறுவனத்தைப் பவர்கிரிட்டிலிருந்து பிரித்தார்கள். 2008-லேயே கிரீஷ் பிரதான் தலைமையிலான குழு, இந்த மையங்களுக்குத் தனி நிர்வாகமும் சான்றிதழ் பெற்ற ஆட்களும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. வாங்குபவரும் விற்பவரும் பாதைக்காரரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் இது உறுத்தியிருக்காது. இன்று தனியார் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறவரும் இதே நாற்காலியில் இருக்கிறார். ஓர் அணியின் வீட்டுத் திண்ணையிலிருந்து விசில் ஊதும் நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எதிரணி திண்ணையைத்தான் பார்க்கும். பெரியவர் இத்தனை எழுதுவது அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குப் பட்டது.

ஏழு மணி. காற்றுக் கோடு முன்கணிப்பைத் தாண்டிக் கீழே விழுகிறது. ஷிஃப்ட் மாற்ற வந்தவர் பையைக்கூட வைக்காமல் நின்றபடியே கேட்கிறார்.

“ஏழரைக்கு எவ்வளவு கிடைச்சுது?”

“கேட்டதுல பாதி.”

“மழை ஏதாவது?”

“திருச்சி பக்கம் கட்டியிருக்கு. பம்புசெட்டு நின்னா கொஞ்சம் குறையும். அதை நம்பாதீங்க.”

“மீதிக்கு?”

“காடம்பாறை. நாலும் ஓடுது. பத்தரைக்கு மேல தண்ணிய மிச்சம் பிடிங்க, காலைல வேணும்.”

நோட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டுகிறார்.