விறகில் காய்ச்சும் லாகர்

ஜெர்மனியின் எந்த மலிவு அங்காடியிலும் அரை லிட்டர் லாகர் பீர் ஒரு யூரோவுக்குள் கிடைக்கிறது. பெர்லினிலோ மியூனிக்கிலோ சின்ன ஆலைகளின் கிராஃப்ட் பீர் மட்டும் விற்கும் கடைக்குப் போனால் அதைவிடச் சின்னப் புட்டிக்கு மூன்று, நான்கு யூரோ கேட்கிறார்கள். இரண்டும் பொன்னிறம்தான். பார்லி மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட் என்று இரண்டிலும் ஒரே பொருட்கள்தான். பவேரியாவில் 1516இல் போட்ட சட்டத்தின் வழிவந்த விதி பெரிய ஆலையையும் சின்ன ஆலையையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்துகிறது. பிறகு கூடுதல் காசு எதற்குப் போகிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் விண்டிஷெஷன்பாக் போனேன்.

பவேரியாவின் கிழக்கில், செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓபர்ஃபால்ட்ஸ் வட்டாரம். வைடன் நகரத்திலிருந்து வடக்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். பூமியின் உள்ளமைப்பை ஆராய 9101 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்ட இடம் இங்கேதான் இருக்கிறது என்பதால் நிலவியல் மாணவர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். மற்றவர்கள் வருவது சொய்கலுக்காக.

சொய்கல் என்பது வடிகட்டாத லாகர். அதைக் காய்ச்சுவது எந்த நிறுவனமும் அல்ல, ஊர்க்காரர்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சுக்கூடம் உண்டு. சில வீடுகளுக்கு மட்டும் அதில் பீர் காய்ச்சும் உரிமை இருக்கிறது. உரிமை வீட்டோடு சேர்ந்தது. வீட்டை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும். ஆற்றுக்கு அக்கரையில் குன்றின் மேலிருக்கும் நொய்ஹவுஸுக்கு இந்த உரிமை 1415இல் கிடைத்தது. முன்பு இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருந்த ஏற்பாடு இது. இப்போது விண்டிஷெஷன்பாக், நொய்ஹவுஸ், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைக், எஸ்லார்ன் என்று ஐந்து ஊர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. ஜெர்மனி 2018இல் இதைத் தன் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நான் போன அன்று காய்ச்சும் முறை ஒரு தச்சருடையது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கூடத்தைப் பயன்படுத்துவதற்கு ஊருக்குக் கொப்பரைக் கட்டணம் செலுத்திவிட்டு, மால்ட் மூட்டைகளையும் விறகையும் முந்தின நாளே கொண்டுவந்து இறக்கியிருந்தார். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கிளறி, சாற்றை வடித்து, பெரிய திறந்த கொப்பரையில் ஏற்றி ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிடுவதுதான் மொத்த வேலை. எழுதிவிட்டால் ஒரு வரி. செய்து முடிக்க ஒரு பகல் முழுக்கப் போகிறது. கரும்பாலையில் வெல்லப்பாகு காயும்போது எழுமே, அப்படியொரு இனிப்பு ஆவி கூடம் முழுக்கப் பரவி நின்றது. ஹாப்ஸ் விழுந்ததும் அதில் பச்சைக் கசப்பு ஏறியது.

அடுப்பு கொப்பரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தது. அவர் விறகை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றில் மெல்லிதாகப் பிளந்தவை, சாற்றைச் சீக்கிரம் கொதிநிலைக்கு ஏற்ற. மற்றதில் தடித்த கட்டைகள், ஏறிய கொதியை விடாமல் நிறுத்த. கொதி வரும் நேரத்தில் நுரை கொப்பரையின் விளிம்புவரை பொங்கும். வாயு அடுப்பாக இருந்தால் குமிழைத் திருகிவிடலாம். இங்கே திருக எதுவும் இல்லை. மேலே நின்ற மகள் குரல் கொடுத்தாள். இவர் அடுப்பின் இரும்புக் கதவை விரியத் திறந்தார். குளிர்காற்று உள்ளே பாய்ந்ததும் தீ தணிந்தது, நுரையும் இறங்கியது. உடனே கதவை மூடவும் இல்லை. கொப்பரையின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். “ரொம்ப நேரம் திறந்து வைத்தால் கொதி செத்துவிடும். பிறகு இழுத்துக் கொண்டுவர அரை மணி ஆகும்” என்றார். கொதி தளர்ந்தால் பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை தங்கிவிடும். அதனால்தான் அந்தக் கதவருகில் அத்தனை கவனம்.

மாலையில் சாற்றைக் கூரைக்கு அடியிலுள்ள அகலமான ஆழமில்லாத தொட்டிக்கு ஏற்றினார்கள். இரவு முழுக்க அது அங்கேயே ஆறும். காலையில் டிராக்டரின் பின்னால் பூட்டிய தொட்டியில் நிரப்பி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோவார். ஈஸ்ட்டை அருகிலுள்ள ஒரு பீர் ஆலையிலிருந்து வாங்குகிறார். திறந்த தொட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் நொதிக்கும். அதன்பின் மூடிய கலத்தில், குளிரில், பல வாரம் முதிரும். பக்கத்து வீட்டுக்காரரும் இதே கொப்பரையில்தான் காய்ச்சுகிறார், ஊர்த் தண்ணீரும் ஒன்றுதான். இருந்தும் வீட்டுக்கு வீடு பீர் வேறு. நிலவறையின் குளிரும் அவரவர் பொறுமையும்தான் காரணம் என்று தச்சர் சொன்னார்.

அந்தப் பொறுமைக்கு வேலை இருக்கிறது. லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக நொதிக்கும். நொதிக்கும்போது வெண்ணெய் போன்ற ஒரு வாடையையும் கந்தக நெடியையும் உண்டாக்கும். நாள் கொடுத்தால் வெண்ணெய் வாடையை ஈஸ்ட் தானே உண்டு தீர்த்துவிடும், கந்தகமும் வெளியேறிவிடும். ஏல் என்ற இன்னொரு பீர் வகையில் சின்னக் குறை இருந்தால் பழ மணமும் தூக்கலான ஹாப்ஸும் அதை மூடிவிடும். லாகரில் மூடுவதற்கு எதுவும் இல்லை. அவசரப்பட்டது முதல் மிடறிலேயே தெரிந்துவிடும்.

கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகிறது என்று பவேரிய ஆட்சி 1553இல் ஏப்ரல் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை காய்ச்சுவதையே தடைசெய்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதைக் குளிர்ந்த நிலவறையில் வைத்துக் கோடைக்கு எடுத்தார்கள். 1870களில் கார்ல் ஃபான் லிண்டெ குளிரூட்டும் இயந்திரத்தைப் பீர் ஆலைகளுக்காக உருவாக்கினார். 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தூய்மையாகப் பிரித்து வளர்த்தார். உலகம் முழுக்க ஒரே சுவையில் பீர் கிடைப்பது இந்த இரண்டு பேரால்தான்.

பெரிய ஆலைகளை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. லட்சக்கணக்கான புட்டிகளில் ஒன்றில்கூடப் பிசகில்லாமல் காய்ச்சுவது பெரிய திறமை. ஆனால் அங்கே ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. உயரமான கூம்படித் தொட்டிகளில் சற்றுக் கூடுதல் வெப்பத்தில் நொதிக்கவைக்கிறார்கள். வெண்ணெய் வாடை நீங்கக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சூடேற்றி ஓரிரு நாளில் முடித்துவிடுகிறார்கள். தொலைதூரம் போகவேண்டிய சரக்கு என்பதால் ஈஸ்ட் முழுவதையும் வடிகட்டி எடுக்கிறார்கள். பலர் சூடுகாட்டிக் கிருமியும் நீக்குகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பீர் மாதக்கணக்கில் கெடாது. வாய் நிறைகிற அந்தத் திடமும் ரொட்டி மணமும் வடிகட்டியோடு போய்விடுகின்றன. அமெரிக்காவின் பட்வைசரில் அரிசியும் சேர்வதால் திடம் இன்னும் குறைந்துவிடுகிறது. நம்மூர்க் கடையில் ‘கூலிங் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. இத்தகைய பீருக்கு அது நியாயமான கேள்வியும்கூட. பனிக்கட்டிபோல் இருந்தால் நாக்கு மரத்துப்போகும், இல்லாத சுவையைத் தேடாது.

சொய்கல் வீடுகள் முறைவைத்துத்தான் திறக்கின்றன. யார் வீட்டில் எந்த வாரம் என்பதற்கு நாட்காட்டி உண்டு. திறந்த வீட்டின் வாசலில் ஆறு முனை நட்சத்திரம் தொங்கும். அப்படித் தொங்கிய தச்சரின் வீட்டில் நீண்ட மேசையில், முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சற்றே கலங்கிய, செம்பொன் நிறப் பீர் வந்தது. நுரை மெலிது, வாயுவும் குறைவு. நிலவறைக் குளிர்ச்சிதான், அதற்கு மேல் ஜில்லென்று இல்லை. முதலில் ரொட்டியின் வெந்த ஓரம் போன்ற சுவை, பிறகு மெல்லிய இனிப்பு, அது போகும்போது நாக்கின் ஓரத்தில் ஹாப்ஸ் கசப்பு. தட்டில் பன்றி இறைச்சிக் கூழும் ரை ரொட்டியும். கணக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். அரை லிட்டர் பீர், நகரத்துக் கிராஃப்ட் கடையின் சின்னப் புட்டியைவிட மலிவு.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தச்சரின் மனைவியைக் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணவில்லை, கையை விரித்து அறையைக் காட்டினார். வீடு சொந்தம். பரிமாறுவது தங்கை, பாத்திரம் கழுவுவது மருமகன். புட்டி இல்லை, லேபிள் இல்லை, லாரி இல்லை, விளம்பரம் இல்லை. அவர்கள் உழைப்புக்கு யாரும் கூலி எழுதுவதில்லை என்பதையும் நான் சேர்த்துக்கொண்டேன். வாடகைக் கட்டடத்தில், சம்பளத்துக்கு ஆள் வைத்து ஒருவர் லாகர் காய்ச்சினால் இந்த விலை கனவிலும் நடக்காது. ஏல் இரண்டு வாரத்தில் தயாராகிவிடும். லாகர் ஐந்தாறு வாரம் தொட்டியை அடைத்துக்கொள்ளும். அதே தொட்டியில் அதற்குள் இரண்டு மூன்று முறை ஏல் காய்ச்சி விற்றிருக்கலாம். நல்ல சிறு ஆலையின் லாகருக்கு நான் கொடுக்கும் கூடுதல் காசு அந்தத் தொட்டி சும்மா நின்ற நாட்களுக்குத்தான். அது நியாயமான விலை. தயங்காமல் கொடுப்பேன்.

ஆனால் அந்த நாட்களைச் சேமிப்புக்கிடங்கும் சாலையும் தின்றுவிடக் கூடாது. ஊர் திரும்பும் வழியில் ஒரு பெரிய நகரத்தில் புகழ்பெற்ற கிராஃப்ட் லாகர் என்று ஒரு புட்டி வாங்கினேன். அழகான லேபிள், வடிகட்டாதது. வெளிச்சம் விழும் அலமாரியில், சாதாரண வெப்பத்தில், பல மாதம் நின்றிருக்கிறது. திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. வடிகட்டாத, கிருமி நீக்காத லாகர் பாலைப்போலக் கெடும் பண்டம்; அதை இப்படி நிறுத்தினால் காய்ச்சியவரின் உழைப்பு வீண். அதற்கு ஆலை லாகரே மேல். அன்று அந்தக் காசுக்கு நான்கு மலிவு டப்பாக்கள் வாங்கியிருந்தால் நான்குமே அதைவிட நன்றாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் புட்டியில் அடைத்த தேதி இல்லாத கிராஃப்ட் லாகரை நான் தொடுவதில்லை. குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து விற்றாலும் அப்படியே. காய்ச்சிய இடத்திலேயே குடிக்க முடிந்தால் விலையைப் பார்ப்பதில்லை.

விண்டிஷெஷன்பாக்கில் உரிமையுள்ள வீடுகள் எல்லாமும் இன்று காய்ச்சுவதில்லை. விறகு பிளக்க, இரவில் சாற்றைக் காக்க, வார இறுதியில் பரிமாற ஆள் வேண்டும். பிள்ளைகள் வைடனிலும் நூரம்பெர்க்கிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். தச்சரின் மகள் வைடனில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காய்ச்சும் நாட்களுக்கு மட்டும் விடுப்பு எடுத்து வருகிறாள். அடுத்த முறை அடுப்படியில் அவள் நிற்கப்போகிறாள், மேலே நின்று குரல் கொடுப்பது அப்பாவாம். முதுகுவலி அவரை இனிக் குனிய விடாது. தேதி குறித்தாகிவிட்டது; விறகும் கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்கிறது.