"ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இன்னும் ஒரு படி

1. இன்னைக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. செஸ் ஆடுற கம்ப்யூட்டர் எத்தனை ஆழத்துக்கு யோசிக்கணும், எங்கே நிறுத்தணும் என்பதைப் பத்தி ஒரு த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க, வரேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து படிங்க.

2. என் பையன் பிளஸ் ஒன். லீவுல பைத்தான்ல ஒரு செஸ் புரோகிராம் எழுதினான். ஒரு பக்கம் ஒரு தடவை காயை நகர்த்தினா அதை ஒரு படின்னு வெச்சுக்கோங்க. அவன் புரோகிராம் மூணு படி பார்க்கும்: நான், நீ, நான். அதோட நிறுத்தி, யார்கிட்ட என்னென்ன காய் மிச்சம்னு எண்ணி மார்க் போடும்.

3. முதல் ஆட்டத்திலேயே அது காரணமே இல்லாம குதிரையைத் தூக்கிக் கொடுத்துச்சு. கணக்கைப் பிரிச்சுப் பார்த்தோம். குதிரை போகும், எதிராளி அதை வெட்டுவான், அப்புறம் நம்ம ராணி அவன் யானையை வெட்டும். மூணு படி முடிஞ்சது. குதிரைக்குப் பதிலா யானை, லாபம்! நாலாவது படியில ஒரு சிப்பாய் அந்த ராணியையே வெட்டப்போறது அதுக்குத் தெரியாது.

4. "என்னடா இப்படிப் பொய் சொல்லுது?"ன்னு கேட்டேன். "பொய் சொல்லலப்பா. அது பார்த்த வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னான். அந்த வார்த்தை என்னைப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஒரு நைட் டூட்டிக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

5. கேஷுவாலிட்டியில செம கூட்டம். ஐம்பதைத் தாண்டின ஒருத்தர், "சாப்பிட்டது சேரல சார், நெஞ்சு எரியுது"ன்னு வந்தார். சட்டை வேர்வையில நனைஞ்சிருந்துச்சு. வெயில் காலம்னு நினைச்சேன். ஈசிஜி எடுத்தேன், நார்மல். அசிடிட்டிக்கு ஊசி போட்டேன். அரை மணி நேரத்துல "இப்போ பரவாயில்ல சார்"ன்னார். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டேன். அவரை அப்படியே விட்டுட்டு இப்போ செஸ்ஸுக்கு வருவோம்.

6. இன்னும் ஆழமா பார்த்தா என்னன்னு தோணும். ஒரு நிலையில சராசரியா 30 மூவ் இருக்குன்னு வெச்சா, ரெண்டு படிக்கு 900 வழி. நாலு படிக்கு 8 லட்சம். ஆறு படிக்கு 72 கோடியைத் தாண்டும். வேண்டாத கிளைகளை வெட்டிவிட வழி இருக்கு. ஆனாலும் எங்கேயோ ஒரு இடத்துல நிறுத்தித்தான் ஆகணும். கேள்வி, எங்கே?

7. 1950-லேயே க்ளாட் ஷானன் தன் கட்டுரையில இதைத் தொட்டிருக்கார். வெட்டுக்குத்து நடந்துட்டு இருக்கும்போது மார்க் போடாதே, நிலை அமைதியான பிறகு போடு. இன்னைக்கும் செஸ் புரோகிராம்கள் கடைசிப் படிக்கு வந்ததும், வெட்டுகளை மட்டும் அமைதி வர்ற வரைக்கும் தொடர்ந்து பார்க்கும். பையன் அதைச் சேர்த்தான். குதிரை தப்பிச்சது.

8. ஆனா இன்னொரு வியாதி இருக்கு. நம்ம யானை மாட்டிக்கிச்சு, எப்படியும் போகப்போகுது. புரோகிராம் என்ன செய்யும்? சும்மா ஒரு சிப்பாயைக் கொடுத்து எதிராளியைப் பதில் சொல்ல வைக்கும். ரெண்டு படி கரைஞ்சது. யானை போற காட்சி பார்வைக்கு வெளியே போயிடுச்சு. "அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது"ன்னு நினைச்சுக்கும். கடைசியில சிப்பாயும் போகும், யானையும் போகும். ஹான்ஸ் பெர்லினர் 1970-கள்ல இதுக்கு 'அடிவான விளைவு'ன்னு பேர் வெச்சார். அடிவானத்துக்கு அந்தப் பக்கம் போனது இல்லாமலே போயிட்டதா நம்புறது.

9. நான் போட்ட அசிடிட்டி ஊசி என்ன செஞ்சதுன்னு இப்போ புரியுதா? நோயைத் தீர்க்கல. என் கண்ணுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. இந்தத் தடவை ஈசிஜி பார்த்ததுமே தெரிஞ்சது, பெரிய மாரடைப்பு. பிழைச்சுட்டார். ஆனா இதயம் பழைய பலத்துக்கு வரல. அவர் மனைவி கோபப்படல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "நீங்கதானே சார் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

10. செஸ்ல இதுக்கு மருந்து, எல்லாத்தையும் ஆழமா பார்க்கிறது இல்ல. ஆபத்தான வழியை மட்டும் நீட்டிப் பார்க்கிறது. ராஜாவுக்குச் செக் விழுந்தா அந்தப் படியைக் கணக்கில சேர்க்காம இன்னும் ஒரு படி பாரு. அடுத்தது இன்னும் அழகு: மத்த மூவ் எல்லாம் மோசமா இருந்து, ஒரே ஒரு மூவ் மட்டும் நல்லா இருந்தா, மொத்த ஆட்டமும் அதை நம்பி இருக்குன்னு அர்த்தம். அதை இன்னும் ஆழமா சோதி. தாமஸ் அனந்தராமன், மர்ரே கேம்பெல், ஃபெங்-ஷியுங் ஷூ மூணு பேரும் 'டீப் தாட்' என்ற இயந்திரத்துக்காகக் கொண்டுவந்த யோசனை இது. அதன் வாரிசான 'டீப் ப்ளூ' 1997-ல காஸ்பரோவை ஜெயிச்சது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்த அந்த இயந்திரத்துக்கே, எங்கே நீட்டணும்னு தேர்ந்தெடுக்கிற தேவை இருந்தது.

11. ஆனா நீட்டிப்புக்கும் கடிவாளம் வேணும். பையன் ஆர்வத்துல செக், வெட்டு எல்லாத்துக்கும் ஒரு படி நீட்டினான். செக் மேல செக், புரோகிராம் திரும்பி வரவே இல்ல! அதனாலதான் சிலதுக்கு அரைப் படி மட்டும் கொடுப்பாங்க, மொத்த நீட்டிப்புக்கும் ஒரு உச்சவரம்பு வைப்பாங்க. தேறாதுன்னு தோணுற மூவை மேலோட்டமா பார்ப்பாங்க. அது எதிர்பாராம நல்ல மார்க் வாங்கினா, திரும்ப முழு ஆழத்துக்குப் பார்ப்பாங்க. இந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது. மேலோட்டமா பார்க்கிறது தப்பில்ல. திரும்பிப் பார்க்க மறுக்கிறதுதான் தப்பு.

12. நெஞ்சு எரியுதுன்னு வர்ற எல்லாரையும் நான் அட்மிட் பண்ண முடியாது. பண்ணினா வரிசையில நிக்கிற மத்தவங்களைப் பார்க்க ஆள் இருக்காது. ஆனா அன்னைக்கு நனைஞ்ச சட்டைதான் எனக்கு விழுந்த செக். "வெறும் கேஸ்" என்ற ஒரே ஒரு விளக்கத்தை நம்பித்தான் அவர் உயிர் இருந்துச்சு. அதையே நான் இன்னொரு படி சோதிச்சிருக்கணும்.

13. உங்களுக்குச் சொல்றது இதுதான். முதல் ஈசிஜி நார்மலா இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். ரத்தத்துல ட்ரோபோனின் ஏறவே சில மணி நேரம் ஆகும். நெஞ்சு பாரமா இருந்து வேர்த்துக் கொட்டினா, வலி குறைஞ்சாலும் கிளம்பிடாதீங்க. "இன்னொரு ஈசிஜி எப்போ சார் எடுப்பீங்க?"ன்னு தைரியமா கேளுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

14. பையன் புரோகிராம் இப்போ என்னை ஈசியா ஜெயிக்குது. நான் இப்போ "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றது இல்ல. "இதுவரைக்கும் பார்த்ததுல ஒண்ணும் தெரியல, கொஞ்ச நேரம் உட்காருங்க, திரும்பப் பார்க்கிறேன்"னு சொல்றேன்.