தாடைக்குக் கீழே வெளுப்பு

ஒரு பறவையின் பெயரைத் தவறாகச் சொன்னேன். சரியாகச் சொன்ன ஒருவனை நாற்பது பேர் நடுவில் அவமானப்படுத்தினேன். நான் சொன்னது தவறு என்று தெரிந்த பிறகு பொய் சொன்னேன். மூன்றும் ஒரு வாரத்துக்குள் நடந்தவை. வரிசை மாற்றாமல் சொல்கிறேன்.

சொந்த ஊர் ஆற்காடு. பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் செலக்‌ஷன் பார்த்தேன். பதனிட்ட தோலை மேசையில் விரிக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்து, உண்ணிக்கடி, முள்கீறல், கத்திவெட்டு பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு தோலுக்குச் சில விநாடிதான். கை தானாகத் தள்ளிவிடும். என் கண் தப்பாது என்று முதலாளி சொல்வார். நானும் நம்பினேன். அதே நம்பிக்கையோடுதான் பறவைகளையும் பார்த்தேன்.

என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன். அவன் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. பைனாகுலர் என்னுடையது. சாலிம் அலியின் பறவைப் புத்தகமும் என்னுடையது. கண் அவனுடையது. ஞாயிறு விடியலில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு என் வண்டியில் போவோம். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வரும் ஏரி அது. நான் பெயர் சொல்வேன், அவன் எண்ணுவான். நத்தைகுத்தி நாரை எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று ஒரு குயர் நோட்டில் தேதி போட்டு எழுதுவான். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவான். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடிக்காது. "ஏதாவது ஒரு முடிவுக்கு வாடா" என்பேன்.

2016 மார்ச் கடைசியில் ஹாங்காங் தோல் கண்காட்சிக்கு முதலாளியோடு போனேன். எனக்கு அதுதான் முதல் வெளிநாடு. கையில் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடா, கழுத்தில் பைனாகுலர். நேதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸில் ஒரு சின்ன அறை. பக்கத்திலேயே கௌலூன் பூங்கா. அங்கே அது வசந்தகாலம். முதல் நாள் விடியலில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து குயில் கூவியது. நம் குயிலேதான். பாஷை தெரியாத ஊரில் அந்தக் குரலைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் என்னிடம் கர்வம் இல்லை.

பிறகு வந்தது. நடைபாதையில் தத்திய குருவிக்குக் கன்னத்தில் கரும்பொட்டு இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே சாயல். நம் வீட்டுச் சிட்டுக்குருவி அல்ல, அதன் உறவான மரக்குருவி என்று சரியாகச் சொன்னேன். மைனா கறுப்பாக, அலகுக்கு மேல் குடுமியோடு இருந்தது. அதையும் சரியாகச் சொன்னேன். துறைமுகத்துக்கு மேலே கள்ளப்பருந்துகள் வட்டமிட்டன. ஹாங்காங் பூங்காவில் மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளை காக்கட்டூக்கள் கத்திக்கொண்டு பறந்தன. சொந்த மண்ணான இந்தோனேசியத் தீவுகளில் அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. இங்கே, வளர்ப்புப் பறவைகளின் வாரிசுகள் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே பிழைத்துக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் அன்றன்று இரவே எங்கள் ஊர்ப் பறவை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டு வந்தது. எனக்குத் தலை கனத்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள் லயன் ராக் குன்றின் அடிவாரத்துக்குப் போனேன். புதர் மண்டிய சரிவு. ஒரு கிளையில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. கறுத்த தலை, சின்னக் கொண்டை, வாலடியில் சிவப்பு. மூன்று விநாடி பார்த்தேன். நம்ம ஊர் கொண்டைக்குருவி என்று முடிவு கட்டினேன். மேற்கொண்டு பார்க்கவில்லை. படம் ஒன்று எடுத்து, "ஆற்காட்டுக்காரன் ஹாங்காங்கிலும் இருக்கிறான்" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பையன் எழுதினான். "அண்ணா, இது நம்ம கொண்டைக்குருவி மாதிரி தெரியல. தாடைக்குக் கீழே வெளுப்பா இருக்கு. நம்மளுதுக்கு மார்பு வரைக்கும் கறுப்பு, செதில் செதிலா இருக்கும். ஒரு தடவை பாருங்கண்ணா."

அவன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். நான் படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நாற்பது பேர் படிக்கிறார்கள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. எழுதினேன்: "காவேரிப்பாக்கம் ஏரியைத் தாண்டி எங்கேயாவது போயிருக்கியாடா நீ? நேர்ல பார்த்தவன் நான்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் எழுதவில்லை. சற்று நேரத்தில் குழுவிலிருந்து விலகிவிட்டான்.

அன்று மாலையே இ-பேர்ட் தளத்திலும் பதிந்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் பறவைப் பதிவுத் தளம் அது. அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள் பதிவுகளைச் சரிபார்ப்பார்கள். இரவு விமானத்தில், அங்கே வாங்கிய தென்சீனப் பறவைகள் புத்தகத்தைப் புரட்டினேன். சூட்டி ஹெட்டட் புல்புல் என்று ஒரு பறவை. கறுத்த தலை, வாலடியில் சிவப்பு, தாடைக்குக் கீழே வெளுப்பு. அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பையன் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஊருக்கு வந்த சில நாளில் ஹாங்காங்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சரிபார்க்கும் தன்னார்வலர் எழுதியிருந்தார். மார்பு என்ன நிறம், படம் ஏதாவது உண்டா என்று பணிவாகக் கேட்டிருந்தார். நான் எழுதிய பதில்: "படம் இல்லை. சிறு வயதிலிருந்து பார்த்த பறவை. சந்தேகமே இல்லை." படம் அப்போது என் கையிலிருந்த செல்போனில் இருந்தது.

அவர் ஏன் கேட்டார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் சாதுவான இந்தக் கொண்டைக்குருவி, ஃபிஜி, ஹவாய் போன்ற தீவுகளில் குடியேறிப் பழத்தோட்டங்களைச் சேதப்படுத்துகிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. அது ஹாங்காங் சரிவில் இருக்கிறது என்றால் அது எச்சரிக்கை மணி. அவர் என் சொல்லை நம்பினார். இரண்டு விடியல் அந்தச் சரிவில் போய்த் தேடியிருக்கிறார். "கிடைக்கவில்லை, அடுத்த வாரமும் போகிறேன்" என்று எழுதினார். நான் பதில் போடவில்லை.

பையன் ஷாப்பில் எப்போதும்போல் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டான். ஞாயிறுகளில் மட்டும் வரவில்லை. கேட்டபோது, "நான் பார்த்து என்னண்ணா ஆகப்போவுது" என்றான். அடுத்த வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுதினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

2019இல் ஒரு கல்லூரி மாணவி, ஏரியின் பழைய பறவைக் கணக்கு கேட்டு வந்தாள். எங்களுக்குத் தெரிந்து அப்படி எழுதி வைத்தவன் அவன் ஒருவன்தான். பாலாற்றுக்கு எங்கள் தோல் தொழில் என்ன செய்தது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்தது. அந்தத் தண்ணீரை நம்பிய பறவைகளில் எது வந்தது, எது வராமல் போனது என்று எழுதிக்கொண்டிருந்தவன், என் ஒரு வரிக்குப் பிறகு எழுதவில்லை. மூன்று பனிக்காலத்துக்குக் கணக்கு இல்லை. அந்தப் பறவைகளைத் திரும்ப நிறுத்தி எண்ண முடியாது.

நோட்டுக்காக அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. நோட்டு தேவைப்பட்டதால் போனேன். அவன் பரண் மேல் ஏறி எடுத்துத் தந்தான். டீ கொடுத்தான். அப்போதுதான் சொன்னேன், நீ சொன்னதுதான் சரி, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று. "தெரியும்ணா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு இ-பேர்ட் பதிவை நீக்கினேன். ஹாங்காங்காரருக்குப் படத்தை அனுப்பி, நடந்ததை எழுதினேன். குழுவிலும் எழுதினேன். அதைப் படிக்க அவன் அங்கே இல்லை.

பிறகு நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் தேதி 27.3.2016, ஞாயிறு. நான் ஹாங்காங் கிளம்புவதற்கு முந்தின நாள். அன்று அவன் தனியாகப் போயிருக்கிறான். நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி, மீன்கொத்தி, ஒவ்வொன்றுக்கும் நேராக எண். கடைசி வரியில் "உள்ளான், 1". பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்கும் பக்கத்தில், சின்ன எழுத்தில்: "அண்ணா வந்ததும் கேக்கணும்."