கால் நொடிக்கு இரண்டு புள்ளி

பிராக்டிகல் பிஸ்டல் போட்டிக்குப் புதிதாக வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? மைதானத்தில் ஊறியவர்கள் அதற்குச் சட்டென்று பதில் சொல்வதில்லை. போன போட்டியின் ஸ்கோர் ஷீட்டைக் காட்டச் சொல்வார்கள். ஆளின் குறை எது, ஆயுதத்தின் குறை எது என்று அந்தத் தாளே பிரித்துக் காட்டிவிடும். பெரும்பாலும் இரண்டாவது பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஒரே இடத்தில் அசையாமல் நின்று, ஒரு கையை நீட்டி, 10 மீட்டர் தூரத்துக் குறியைச் சுடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு முதலில் கலவரமாகத் தெரியும். இங்கே இரண்டு கையாலும் பிடித்து ஓடுகிறார்கள், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுடுகிறார்கள், ஓடும்போதே மேகசின் மாற்றுகிறார்கள். 1976ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா நகரில் கூடியவர்கள் இதற்கென ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலு, வேகம் மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் அவர்கள் போட்ட அடித்தளம்.

அந்தத் தராசின் பெயர் ஹிட் ஃபேக்டர். எடுத்த புள்ளியை, செலவழித்த நொடியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். காகித டார்கெட்டின் நடுப்பகுதி ஏ, அதைச் சுற்றி சி, ஓரத்தில் டி. ஒவ்வொரு காகிதத்துக்கும் வழக்கமாக இரண்டு குண்டு. வலு குறைந்த தோட்டாவுக்கான மைனர் கணக்கில் ஏவுக்கு 5, சிக்கு 3, டிக்கு 1. 32 குண்டு சுட வேண்டிய நீண்ட ஸ்டேஜில், அதாவது சுற்றில், முழுப் புள்ளி 160. ஒருவர் அதை 20 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 8. அந்த ஸ்டேஜில் ஒரு நொடியின் விலை 8 புள்ளி என்று அர்த்தம். ஒரு குண்டு ஏவை விட்டு சியில் விழுந்தால் 2 புள்ளி போச்சு. அது கால் நொடிக்குச் சமம். டார்கெட்டையே தவறவிட்டால் வரவேண்டிய 5 போய், அபராதமாக 10 கழிந்து, 15 புள்ளி நஷ்டம். கிட்டத்தட்ட இரண்டு நொடி. குறிகள் தூரமாகவும் சிறிதாகவும் இருக்கும் ஸ்டேஜில் ஹிட் ஃபேக்டர் 4க்கு இறங்கினால், அதே சியின் விலை அரை நொடியாகிவிடும். அங்கே நிதானம்தான் லாபம். எங்கே அடக்கி வாசிப்பது, எங்கே விரட்டுவது என்பதை இந்த வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால், விரல் வேகத்துக்குக் கொடுக்கப்படும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான். ஒரே டார்கெட்டில் விழும் இரண்டு குண்டுக்கு நடுவே 0.25 நொடி எடுப்பவர், அதை 0.20க்குக் கொண்டுவர மாதக்கணக்கில் பாடுபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 16 டார்கெட்டுக்கும் சேர்த்து மிச்சமாவது 0.8 நொடி. அதே ஆள் நான்கு இடங்களுக்கு நகரும்போது, கடைசிக் குண்டைச் சுட்ட பிறகும் அங்கேயே ஒரு கணம் நின்று டார்கெட்டை ரசிக்கிறார். அடுத்த இடத்தில் போய் நின்ற பிறகுதான் துப்பாக்கியைக் கண்ணுக்கு நேராக உயர்த்துகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி இப்படித்தான் கரைகிறது. தேறியவர்கள் கடைசிக் குண்டு வெளியேறும்போதே இடுப்பின் எடையை அடுத்த திசைக்கு மாற்றியிருப்பார்கள். புது இடத்தை அடைய இரண்டு எட்டு இருக்கும்போதே துப்பாக்கி முகத்துக்கு நேராக வந்துவிடும். முழங்கால் மடங்கியே இருப்பதால், பாதம் பதிந்ததும் உடல் குலுங்காது. வெளியிலிருந்து பார்த்தால் மெதுவாகப் போகிறவர் போலத்தான் தெரியும். டைமர் வேறு கதை சொல்லும்.

பிடிமானத்துக்கு வருவோம், சொல்லித் தீராத விஷயம் இது. கூப்பரின் காலத்தில் கோலோச்சியது வீவர் நிலை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டார ஷெரிஃப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் வழியாகப் பரவியது அது: உடல் ஒருக்களித்து, ஒரு கை தள்ள, மறு கை இழுக்கும். 1980களின் தொடக்கத்தில் அரிசோனாவிலிருந்து வந்த ராப் லேதமும் பிரையன் ஈனோசும் அதைக் கைவிட்டு, மார்பை நேராக டார்கெட்டுக்குக் காட்டி, இரண்டு கையையும் சமமாக நீட்டிச் சுட்டார்கள். லேதம் 1983ல் உலகப் பட்டத்தையே வென்றார். இன்றைக்கு எந்த நாட்டு மைதானத்துக்குப் போனாலும் பார்க்கக் கிடைப்பது அவர்கள் வழிதான்.

ஆனால் நிலையைவிடக் கை முக்கியம். வலது கைக்காரர் ஒருவர் வலது கையால் முழு பலத்தோடு இறுக்கினால், ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக அசையாது. மற்ற விரல்களும் கூடவே மடங்கும். துப்பாக்கியின் முனை இடப்பக்கம் கீழே இறங்கும். காகிதத்தில் ஓட்டைகள் ஏழு மணி முள்ளின் பக்கம் குவிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அழுத்த வேண்டியது இடது கை. வலது கை விரல் சுதந்திரமாக அசையும் அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். இதைச் சோதிக்கப் பழைய உபாயம் ஒன்று உண்டு. இன்னொருவர் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஓரிரண்டு டம்மித் தோட்டாக்களைக் கலந்து தருவார். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மி வரும்போது வெடிச்சத்தம் இல்லை, உதைப்பு இல்லை. ஆனாலும் முனை குனியும். வெடிக்கப் போகிறது என்று கை முந்திக்கொண்டு பதறுவது அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இதைத் திருத்தத் தோட்டாவைக் கொட்டிச் செலவழிக்க வேண்டியதில்லை. காலித் துப்பாக்கியோடு வீட்டில் செய்யும் டிரை ஃபயர் பயிற்சி போதும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது என்பது மட்டும் கறாரான விதி. உறையிலிருந்து எடுப்பது, மேகசின் மாற்றுவது, ஒரு குறியிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணை முதலில் கொண்டுபோய்த் துப்பாக்கி பின்னால் வரச் செய்வது எல்லாம் சுவரில் ஒட்டிய சின்னக் காகிதங்களை வைத்தே பழகலாம். அமெரிக்க சாம்பியன் பென் ஸ்டோகர் இதற்கென்றே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். இன்னும் வலுவான சாட்சி ஜப்பானிலிருந்து வந்தது. தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முடியாத அந்த நாட்டில், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியால் பழகிய தத்சுயா சகாய், 2004ல் அமெரிக்காவுக்குப் போய், இரும்புத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் முதலிடம் பிடித்தார். வெடிமருந்தின் உதைப்பைத் தாங்குவது கடைசியில் கற்றுக்கொள்ளக் கூடியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது கடைக்குப் போகலாம். முதலில் டிவிஷனை, அதாவது எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதை, முடிவு செய்ய வேண்டும்; துப்பாக்கி பிறகு. ஓப்பனில் சிவப்புப் புள்ளி காட்டும் ஆப்டிக், உதைப்பைக் குறைக்கும் காம்பென்சேட்டர் எல்லாம் உண்டு. செலவும் அதற்கேற்றபடி ஏறும். ஸ்டாண்டர்டில் மேகசின் மாட்டிய துப்பாக்கி 225 x 150 x 45 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். புரொடக்‌ஷனில் எல்லோருக்கும் மைனர் கணக்கு, மேகசினில் தொடக்கத்தில் 15 தோட்டா, டிரிக்கர் இழுவைக்குக் குறைந்தபட்ச எடை. பணத்தால் வாங்கக்கூடிய சாதகம் அதில்தான் குறைவு, ஆரம்பிப்பதற்கு நல்ல இடம்.

அந்த வரிசையில் செக் நாட்டின் சி.இசட். ஷேடோ 2 கண்ணில் படாத போட்டி இல்லை. 2016ல் வந்த அந்த எஃகுத் துப்பாக்கி 1,330 கிராம். பாலிமர் உடல் கொண்ட கிளாக் 17 ஏறத்தாழ அதில் பாதி எடை. எடை கூடினால் முனை துள்ளுவது குறையும், உண்மைதான். ஆனால் கை சின்னதாக இருப்பவருக்கு டிரிக்கர் எட்டவில்லை என்றால், அந்த எடையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிடித்த பிடியிலேயே விரலின் முதல் கணு டிரிக்கரில் நேராக உட்காருகிறதா என்று பார்ப்பது விளம்பரத்தைப் படிப்பதைவிட மேல்.

நம் ஊரில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான். இந்தத் துப்பாக்கிகள் சுடும் 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் சாதாரண உரிமக்காரருக்குக் கிடையாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். உலகப் போட்டி 1999ல் பிலிப்பைன்ஸின் செபுவிலும் 2022ல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடந்திருக்கிறது.

தோட்டா விஷயத்தில் பவர் ஃபேக்டர் என்றொரு வேலி இருக்கிறது. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மைனருக்கு 125 வந்தாக வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,060 அடி வேகத்தில் போனால் 131. 147 கிரெயின் குண்டு 900 அடியில் போனால் 132. கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், கனமான குண்டின் உதைப்பு மெத்தென்று இருக்கும் என்று பலர் அதையே விரும்புகிறார்கள். உதைப்பைக் குறைக்கும் ஆசையில் 126ல் நிறுத்துபவர், போட்டியில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் மேஜையில் 124 வந்துவிட்டால், மொத்தப் போட்டியின் புள்ளியையும் இழக்கிறார். 130க்கு மேல் வைத்துக்கொள்வது விவரமானவர்களின் வழக்கம்.

மிச்சப் பணம் இருந்தால் பெல்ட்டுக்கும் ஹோல்ஸ்டருக்கும் போகலாம். ஓடும்போது பெல்ட் ஆடினால் கை தேடும் இடத்தில் துப்பாக்கி இருக்காது. அதற்கு அடுத்து மேகசின். போட்டியில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மணலில் விழுந்து எழுந்த மேகசினாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி வைத்து, ஸ்டேஜ் முடிந்ததும் பிரித்து, உள்ளே பிரஷ் விட்டுத் தட்டிவிடுவார்கள். மூன்றாம் எண் இரண்டு தடவை தகராறு செய்தால், ஸ்பிரிங் மாற்றும்வரை அது பயிற்சிப் பைக்குப் போகும், போட்டி பெல்ட்டில் ஏறாது.